பனிக்கட்டி நாட்டு மண்ணும் எங்கள் மலை மண்ணும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

துருவப் பிரதேசங்களில் மண் எவ்வாறு உண்டாகிறது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டவுடன் எங்கள் செயலாளர் அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, எங்கள் சனம் பனிக்கட்டியை ஐஸ்பழ வண்டியிலேதான் கண்டிருக்கிறது. அவர்களிடம் போய் அந்தாட்டிக்கா மண்ணைப் பற்றிப் பேசப் போகிறாயா?" என்று கேட்டார். அண்ணன் சொன்னது முற்றிலும் சரியன்று. தை மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் உறைபனி விழுந்து, கொழுந்து நெருப்பில் வாட்டியதுபோலக் கருகிப் போவதை இங்குள்ள பெரியவர்கள் பலர் கண்டிருப்பீர்கள். குளிருக்குச் சுடவும் தெரியும் என்பதை மலையகத்தாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. எனினும் அண்ணனுடைய கேள்வி நியாயமானது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள பனிநாட்டு மண்ணால் எல்கடுவையில் இருப்பவருக்கு ஆவதென்ன? அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்தருள வேண்டும்.

நமது பழந்தமிழ் நூலார் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வகுத்தனர். வெயிலாற் காய்ந்த நிலத்துக்குப் பாலை என்றும் ஒரு பெயர் வைத்தனர். பனியால் உறைந்த நிலத்துக்கு மட்டும் அவர்கள் திணை வகுக்கவில்லை. இமயத்தின் பனியை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அங்கே உழவும் இல்லை, ஊரும் இல்லை. மனிதன் வாழாத நிலத்துக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்? விஞ்ஞானிகளும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படியே நினைத்தார்கள். பயிர் முளைக்காத இடத்தில் கிடப்பது மண்ணே அன்று, வெறும் கற்றூள் என்றார்கள். இந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், மண் என்பது என்ன? நாம் காலில் மிதிப்பதும், கைகழுவும்போது போவதும், கோபத்தில் ஒருவரை "மண்ணாய்ப் போ" என்று ஏசும்போது சொல்வதும் ஆகிய இப்பொருளை ஒரு தனி விஞ்ஞானமாக்கியவர் ருஷ்ய நாட்டு அறிஞர் டொக்குச்சாயேவ். அந்நாட்டின் கரிசல் நிலத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1883இல் வெளிவந்தது. மண் என்பது பாறையின் பொடி மட்டுமன்று. அது தனக்கென ஒரு பிறப்பும் வளர்ச்சியும் உடைய இயற்கைப் பொருள் என்று அவர் நிலைநாட்டினார். பின்னர் சுவிற்சர்லாந்திற் பிறந்து கலிபோர்ணியாவிற் பணியாற்றிய ஹான்ஸ் ஜெனி என்பவர் 1941இல் எழுதிய நூலில், மண்ணை ஆக்கும் காரணிகள் ஐந்து என வகுத்துக் காட்டினார். தாய்ப்பாறை, காலநிலை, உயிர்கள், நிலத்தின் சாய்வு, காலம் என்பனவே அவை. இவற்றுள் நான்கை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றினால் மண் எவ்வாறு மாறும் என்று பார்க்கலாம் என்பது அவர் கருத்து. ஒரே அரிசிதான், ஒரு வீட்டிலே பொங்கலாகிறது, இன்னொரு வீட்டிலே கஞ்சியாகிறது. அரிசியைக் குறை கூற முடியாது. அடுப்பையும் தண்ணீரையுந்தான் பார்க்க வேண்டும்.

அன்பர்களே, அதே அரிசி எங்களுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் கிடைத்திருக்கிறது என்பதே என்னை இந்தப் பொருளின்பால் இழுத்த செய்தி. நமக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அக்காலத்தில் இலங்கை ஒரு தீவாக இருக்கவில்லை. இந்தியா, ஆபிரிக்கா, மடகஸ்கார், அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா யாவும் ஒன்றாக ஒட்டிக்கிடந்த பெருங்கண்டத்தின் நடுவே நாம் ஒரு மூலையிற் செருகப்பட்டிருந்தோம். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரால் அதனைக் கொண்டுவானா என்பர். அங்கே எங்கள் அடுத்த வீடு கிழக்கு அந்தாட்டிக்கா! ஜப்பானியர் 1957இல் சோவா என்னும் ஆய்வு நிலையத்தை அமைத்த லூட்சோ-ஹோம் குடாப் பகுதியின் பாறைகளையும் நமது மலைநாட்டுப் பாறைகளையும் ஜப்பானிய, இலங்கை நிலவியலாளர் பக்கத்திற் பக்கம் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே காலத்தில் ஒரே வகையாக வெந்த பாறைகள் அவை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கியது. அவர்கள் தெற்கே போய்ப் பனிக்குள் அகப்பட்டார்கள். நாம் வடக்கே வந்து மழைக்குள் அகப்பட்டோம்.

இப்பாறை வகைகளுள் ஒன்றுக்குச் சார்னொக்கைற்று என்று பெயர். அதில் ஒரு சுவையான கதை உண்டு. கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் அந்தப் பாறையினால் ஆனது. அந்தக் கல்லோ சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. அதனை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் என்பவர் கல்லுக்குச் செத்தவருடைய பெயரையே சூட்டிவிட்டார். தமிழ்நாட்டுக் கல், வங்காளத்துக் கல்லறை, ஆங்கிலப் பெயர். அதே இனத்துக் கல் நக்கிள்ஸ் மலையிலும் உண்டு, அந்தாட்டிக்காவிலும் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமற் பிரயாணம் செய்வதிற் கல்லுக்கு நிகர் வேறில்லை.

சரி, பாறை ஒன்று. இனி அடுப்பைப் பார்ப்போம்.

இங்கே நடப்பது என்ன? மழைநீர் வானத்திலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடுகிறது. உக்கிய இலைகளின் ஊடாக இறங்கும்போது இன்னும் புளிப்பேறுகிறது. அந்தப் புளித்த நீர் பாறையின் பளபளப்பான கனியங்களைத் தின்று களிமண்ணாக்குகிறது. பாறைக்குள் அடங்கிக் கிடந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கிறது. எங்கள் மலையின் செம்மஞ்சள் நிறம் வேறொன்றுமன்று, துரு! வெப்பம் பத்துப் பாகை கூடினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்திற் படித்திருக்கிறோம். வெப்பமும் நீரும் ஆண்டு முழுவதும் இடைவிடாது வேலை செய்யும் இந்த மலையிலே பாறை அடியோடு அழுகிப் போகிறது. பாதை வெட்டிய இடங்களில் பார்த்திருப்பீர்கள்: பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் விரலால் அழுத்தினால் பிட்டுப்போல உதிரும். வேரும் கறையானும் மண்புழுவும் அதனைக் கிண்டிக் கிளறி மேலே கொண்டுவருகின்றன. இதனைத்தான் எங்கள் பாடநூல்கள் வானிலையாலழிதல் என்று சொல்கின்றன. அழிதல் என்னும் சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. பாறையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அழிவு. பயிரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பிறப்பு அன்றோ!

அங்கே நடப்பது என்ன? இந்தியாவின் முதலாவது அந்தாட்டிக்காப் பயணக் குழு கலாநிதி காசிம் தலைமையில் 1981 டிசம்பரிற் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9ஆம் நாள் அக்கண்டத்தில் இறங்கியது. 1983-84ஆம் ஆண்டுப் பயணத்தில் தட்சிண் கங்கோத்ரி என்ற முதல் நிலையத்தைக் கட்டினார்கள். பனித்தட்டின்மேற் கட்டிய அந்த வீடு சில ஆண்டுகளிற் பனிக்குள் அமிழ்ந்துபோக, 1990இல் அதனைக் கைவிட நேர்ந்தது. அதற்குமுன் 1989இல் அவர்கள் தேடிப் போனது பாறையை. சிர்மாக்கர் பாலைவனச்சோலை என்று அவ்விடத்துக்குப் பெயர். சோலை என்றதும் மரத்தை நினைக்க வேண்டாம். சுமார் 35 சதுரக் கிலோமீற்றர் பரப்பில் பனி மூடாத வெறும் பாறைக் குன்றுகளும், நூற்றுக்கு மேற்பட்ட சிறு ஏரிகளும் உள்ள இடம். பனிக்கடலின் நடுவே தரை தெரிவதால் அது சோலை! அங்கேதான் மைத்திரி நிலையம் நிற்கிறது. அந்தாட்டிக்காக் கண்டத்தில் இப்படிப் பனி மூடாத நிலம் நூறில் அரைப்பங்குகூட இல்லை. அந்த அரைப்பங்குக்குக் குறைவான இடத்திலேதான் மண் பிறந்தாக வேண்டும்.

அங்கும் நைஸ் பாறை. வரிவரியான அதே கல். ஆனால் அதனைத் தின்ன அமில மழை இல்லை. மழையே இல்லை. விழுவது பனித்துகள், அதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தாட்டிக்காவின் இன்னொரு பக்கத்தில் மக்மேர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்று ஓரிடம் உண்டு. 1903 டிசம்பரில் கப்டன் ஸ்கொட் அவற்றுள் ஒன்றை முதன்முதற் கண்டார். அங்கே ஓராண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் நூறு மில்லிமீற்றர் நீர்கூட வராது. கார்த்திகை மாதத்து ஒரு கனமழை நாள் அதனை இங்கே கொட்டித் தீர்த்துவிடும்.

நீரில்லாத இடத்திற் பாறையை உடைப்பது யார்? இருக்கிற சிறிதளவு நீரேதான். கோடையில் வானம் குளிர்ந்திருந்தாலும் இராப்பகலாகச் சுற்றிவரும் வெயில் கரும்பாறையைச் சுடாக்குகிறது. காற்று பூச்சியப் பாகையில் நிற்கும்போது தரை பத்துப் பாகைக்கு மேலும் ஏறுவதுண்டு. பாறையிடுக்கில் உருகி இறங்கும் நீர் நிழல் வந்தவுடன் உறைகிறது. நூறு பங்கு நீர் உறைந்தால் நூற்றொன்பது பங்கு பனிக்கட்டியாகும். அந்த ஒன்பது பங்குக்கு இடம் வேண்டும். கண்ணாடிப் போத்தலில் நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தவர் அதன் பலத்தை அறிவார். பாறை பிளக்கிறது. அடுத்த நாள் மறுபடியும். இப்படி ஆயிரமாயிரம் தரம் நடந்து பாறை கல்லாகி, கல் சரளையாகி, சரளை மணலாகிறது. களிமண் ஆகும் இரசாயன வேலைமட்டும் மிக அற்பமாகவே நடக்கிறது. ஆதலால் அங்குள்ள மண்ணைக் கையில் எடுத்தால் மணலும் சரளையுமாக இருக்கும், பிசைந்தாற் பிடிபடாது. எங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிள்ளையார் பிடிக்கலாம். அங்கே அது முடியாது.

இன்னொரு விந்தை. நீர் இல்லாதபடியால் கழுவுவாரும் இல்லை. கடற்காற்றோடு வந்த உப்பும், வானத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று உப்பும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. எங்கள் மலையில் மழை உப்பையெல்லாம் கழுவிச் சென்றதால் மண் புளித்தது. அதனால் தேயிலைக்கு இதமாயிற்று. அங்கே ஒன்றும் கழுவப்படாததால் மண் கரித்தது. உலகிலேயே மிகக் குளிர்ந்த இடத்தின் மண் வெப்பப் பாலைவனத்து மண்ணின் குணத்தைக் காட்டுகிறது. ஆகவே நம் முன்னோர் பனிநிலத்துக்குத் தனித்திணை வகுக்காமற் போனதில் பெருந்தவறு ஒன்றுமில்லை போலும்; பாலைக்குள் அடக்கிவிடலாம்.

இனி முன்னே விட்ட வழக்குக்கு வருகிறேன். ஷாக்கிள்டன் 1907-09இல் நடத்திய பயணத்திற் கிடைத்த மண் மாதிரிகளை ஆராய்ந்து ஜென்சன் என்பவர் 1916இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் பிறகு நெடுநாள் அதைப் பற்றிப் பேச்சில்லை. பூச்செடி முளைக்காத இடத்தில் மண் ஏது என்பதே பலருடைய எண்ணம். அந்தக் கண்டம் முழுவதிலும் பூக்கும் தாவரம் இரண்டே இரண்டுதான். ஒன்று புல், ஒன்று சிறு பூண்டு. அவையும் வடக்கே நீண்டிருக்கும் குடாநாட்டுப் பக்கத்திலேதான். 1960களில் ரெட்ரோ, உகோலினி என்னும் இரு அறிஞர்கள் இதனை மறுத்தார்கள். குழி தோண்டிப் பாருங்கள், மேலடுக்கு வேறு, கீழடுக்கு வேறு. இரும்புக் கறை மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. உப்பு ஓர் ஆழத்திற் படிந்திருக்கிறது. கற்றூள் இப்படி அடுக்காகுமா என்று கேட்டார்கள். உக்கல் இல்லாவிட்டாலும் அது மண்தான் என்று வாதித்தார்கள். கடைசியில் அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் மண் என்பதன் வரைவிலக்கணமே மாற்றப்பட்டது. வேர்விட்ட செடியைத் தாங்குவது மட்டுமன்று, அடுக்கு அடுக்காக மாறி உருவாகியிருப்பதும் மண்ணே என்று எழுதினார்கள். நிரந்தர உறைபனியை அடியிற் கொண்ட மண்களுக்கு ஜெலிசோல் என்று தனிக்குலமும் கொடுத்தார்கள். உலகில் பனிக்கட்டி மூடாத நிலத்தில் எட்டொன்பது சதவீதம் அந்தக் குலத்தைச் சேர்ந்தது.

இது சொற்சண்டை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளைச்சல் தந்தால் மண், தராவிட்டால் குப்பை என்பது ஒரு பார்வை. அந்தப் பார்வையோடு மலையேறி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உயிரே இல்லாத இடம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1976இல் இம்ரே ஃபிறீட்மன் என்ற அறிஞரும் அவருடைய துணைவியாரும் உலர் பள்ளத்தாக்கின் மணற்கற்களை உடைத்துப் பார்த்தபோது, கல்லின் தோலுக்குக் கீழே சில மில்லிமீற்றர் ஆழத்தில் பச்சைநிற வரி ஒன்று ஓடுவதைக் கண்டதாக எழுதினார்கள். வெளியே குளிரும் காற்றும் கொல்லும். ஆதலால் நுண்ணிய அல்காவும் கற்பாசியும் கல்லுக்குள்ளேயே குடியேறி, கல்லின் ஊடாகக் கசியும் மங்கலான ஒளியிற் சமைத்து உண்டு வாழ்கின்றன. எமது பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் வேதபாட வகுப்பில் விதைக்கிறவன் உவமை படித்தோம். கற்பாறையில் விழுந்த விதை கருகிப் போயிற்று என்று வரும். இந்தக் கற்பாசியைப் பற்றி அன்று அறிந்திருந்தால் அந்த வகுப்பில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

சிர்மாக்கர் ஏரிக்கரைகளில் உருகுநீர் தேங்கும் இடங்களிற் பாசி பாய் விரித்ததுபோற் படர்ந்திருக்கிறது. அதன்கீழே மட்டும் சிறிது கறுப்பு மண் சேர்கிறது. கடலோரங்களிலோ மண்ணை உண்டாக்குவோர் பறவைகள். பெங்குவின்கள் ஆயிரக்கணக்கிற் கூடி முட்டையிடும் திடல்களில் அவற்றின் எச்சம் குவிந்து, பொசுபரசு மிகுந்த மண் உருவாகிறது. அவை இடம் மாறிப் போனபின் அந்தத் திடல்களிலேதான் பாசியும் புல்லும் முந்திக்கொண்டு முளைக்கின்றன. முன்னே சொன்னேனே, "மண்ணாய்ப் போ" என்பது எங்களுக்கு ஏச்சு. அங்கே பிறந்த ஒரு சின்னஞ்சிறு புழுவோ பாசியோ செத்து உண்மையாகவே மண்ணாய்ப் போவதற்கு எத்தனையோ நூற்றாண்டு தவம் கிடக்க வேண்டும். உக்க வைக்க வெப்பம் இல்லை. அங்கே அச்சொல் ஒரு வரம்!

வடதுருவத்துக் கதை வேறு. அதனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே செடிகொடிகள் உண்டு. கோடையில் மேலே ஓரிரு முழம் உருகும். அடியில் ஆண்டாண்டாக உறைந்த நிலம். சைபீரியாவில் சில இடங்களில் அது ஒரு கிலோமீற்றருக்கும் அதிக ஆழம். உருகுவதும் உறைவதுமாக நிலம் தன்னைத்தானே கடைந்துகொள்கிறது; சிறுகற்களைப் பனி மெல்ல மேலே தூக்கி ஓரந்தள்ள, ஸ்வால்பார்ட் தீவுகளில் யாரோ கோலமிட்டதுபோலக் கல்வட்டங்கள் காணப்படுகின்றன. அத்தீவிலேதான் இந்தியா 2008இல் ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தது. செத்த செடிகள் உக்காமல் உறைந்து கிடப்பதனால் அந்த வடநிலத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி தொன் காபன் அடைபட்டிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. வடதுருவமோ உலகின் சராசரியைவிட மும்மடங்கு வேகத்தில் வெப்பமேறுகிறது. உறைந்தது உருகினால் உக்கும், உக்கினால் வாயுவாகும், வாயுவானால் எங்கள் மழையும் மாறும். "அந்தப் பனியால் எங்களுக்கென்ன?" என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

மற்றப் பதிலை நான் காலம் என்ற ஐந்தாவது காரணியில் வைத்திருக்கிறேன். உலர் பள்ளத்தாக்கில் ஒருவன் வைத்த காலடித் தடம் பல பத்தாண்டுகள் அழியாமற் கிடக்கும். அதனை ஆற்ற மழையும் இல்லை, வேரும் இல்லை. ஆதலால் 1959ஆம் ஆண்டின் அந்தாட்டிக்கா உடன்படிக்கையும், அதன்கீழ் 1991இற் செய்யப்பட்ட சுற்றாடற் பாதுகாப்பு நெறிமுறையும் அங்கே போகிறவர்களுக்குக் கடும் விதிகளை வைத்திருக்கின்றன. கழிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டு மண்ணை உயிரோடு உள்ளே கொண்டுபோதலைத் தவிர்க்க வேண்டும். ஒரு கொழுந்துகூட விளையாத, எவருக்கும் ஒரு சதமும் சம்பாதித்துத் தராத சரளை மண்ணுக்கு உலக நாடுகள் கூடி இத்தனை மரியாதை செய்கின்றன.

எங்கள் மண்ணுக்கு என்ன மரியாதை கிடைத்தது?

இந்த மலைகளில் முதலிற் கோப்பி வந்தது. 1869இற் கோப்பி இலைநோய் கண்டபின் சில ஆண்டுகளிற் கோப்பி சரிந்து, தேயிலை வந்தது. எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து, இங்கிருந்து மலைமலையாகப் பிரிக்கப்பட்டார்கள். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தை நீங்கள் அறிவீர்கள். வந்தவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட கருவிகளுள் ஒன்று சுரண்டி. தூர்களுக்கு இடையே ஒரு புல்லும் இருக்கக்கூடாது. தரை வீட்டு முற்றம்போல் வெளிச்சிருக்க வேண்டும். அது துரைமாரின் கட்டளை. அழகாய்த்தான் இருந்திருக்கும். மூடாப்பு இல்லாத செங்குத்தான சரிவில், அடுத்த மழையில், மண் ஓடியது. மலைநாட்டுத் தேயிலை நிலங்களில் ஒரு நூற்றாண்டுக்குள் சுமார் 30 சென்டிமீற்றர் மேல்மண் கழுவப்பட்டுவிட்டதென 1980களில் இந்நாட்டு மண்ணாய்வாளர் மதிப்பிட்டனர். ஓரடி! முன்னே சொன்ன ஐந்து காரணிகளும் சேர்ந்து, இந்த மழையிலும் வெப்பத்திலும்கூட, ஒரு சென்டிமீற்றர் மண்ணை ஆக்கப் பல பத்தாண்டுகளோ நூற்றாண்டுகளோ கேட்கின்றன. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வரும்போது மண் எங்கே போயிருந்தது? மகாவலியோடு இறங்கிக் கொட்டியாரக் குடாவுக்குப் போய்விட்டது.

எங்கள் பாட்டிமார் "மண்ணு செத்துப் போச்சு, முந்தி மாதிரி கொழுந்து வர்றதில்ல" என்று சொல்லும்போது நாம் அதனை முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். அது மண் விஞ்ஞானம். மேலடுக்கு போனபின் கீழடுக்கில் நிற்கிறது எங்கள் தேயிலை. மேலடுக்கிலேதான் உக்கலும், உயிரும், நீரைப் பிடிக்கும் பஞ்சுத்தன்மையும் இருந்தன. அவை போனால் மண் ஜெனி சொன்ன கணக்கில் பல நூற்றாண்டு பின்னோக்கிப் போகிறது. இளமையாகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சிர்மாக்கர்க் குன்றின் பக்கமாக ஓர் அடி எடுத்து வைக்கிறது.

இதிற் பணத்துக்கு மேலான நட்டமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையின்போது நமது மாத்தளை மாவட்டம் உட்பட மலையகமெங்கும் மண் சரிந்தது. அழுகிய பாறையின்மேல் நிற்கும் மண், நீர் ஏறினாற் பாரம் தாங்காது. வேர் இல்லாவிடிற் பிடிமானமும் இல்லாது. சரிவில் யாருடைய வீடு இருக்கிறது? வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி கேட்டே எங்கள் சனங்கள் எத்தனையோ காலம் அலைந்தார்கள். கிடைக்கும் காணி எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறோம். அதன் மண் எத்தனை முழம், அடியில் என்ன பாறை, நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்றும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். காணியைப் பிரித்துத் தரும் அதிகாரிக்கு முன்னே நின்று, படித்த பிள்ளை ஒன்று அதைக் கேட்டால், பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பெரியவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தைக் கூட்டிச் சருகைக் குவித்து நெருப்பு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சருகைத் தரையிலேயே பரப்பி விடுங்கள். அது பார்வைக்கு அழுக்காக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பாம்பு வரும் என்று அம்மாமார் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆகவே வாசலை விட்டுத் தள்ளிப் பரப்புங்கள். கானில் வந்து நிற்கும் வண்டலை எடுத்து எறியாமல் பாத்திக்குத் திருப்பிப் போடுங்கள். அது மேலேயிருந்து வந்த உங்கள் சொந்த மண்.

இளைஞர் தோழர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க மண்டபத்தின் முன்னே கூடுவோம். பாதைக்காக மலையை வெட்டிய முகப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மேலே கறுப்பு, அடுத்துச் செம்மஞ்சள், அதற்குக் கீழே வரி தெரியும் அழுகிய பாறை, அடியில் தட்டினால் ஓசை தரும் கல் என்று நான்கும் அங்கே ஒரே பார்வையில் தெரியும். கறுப்பு அடுக்கு எத்தனை அங்குலம் என்று அளப்போம். பிறகு காட்டோரத்திலே, எவரும் சுரண்டாத இடத்தில், இன்னொரு குழி தோண்டி அதையும் அளப்போம். இரண்டு எண்களையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். ஒரு மண்வெட்டி, ஓர் அளவுநாடா, ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் போதும். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டு வாருங்கள். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.